கிளிமஞ்சாரோ செல்வரட்ணம்

ஸ்டுட்கார்ட்டில் உள்ள தமிழர் யாரிடமாவது கிளிமஞ்சாரோ என்று சொன்னால், அந்த மலை எந்த நாட்டில் இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் செல்வரட்ணம் அண்ணையைத்தான் கேட்கிறீர்கள் என்று உடனே விளங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு வழியும் சொல்லுவார்கள். அந்தப் பட்டம் அவருக்கு வந்த விதத்தை அறிந்த தமிழர் மூன்றே பேர். அவர், அவருடைய மனைவி சியாமளா அக்கா, நான். என் பெயர் சோதிலிங்கம். அவர் தலைவராக இருக்கும் விளையாட்டுக் கழகத்துக்கு நான் செயலாளர்.

அண்ணை 1984இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். முதல் நான்கு வருடம் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கோப்பை கழுவினார். முதலாளி ஒருநாளாவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'ஏய், நீ' என்றுதான் கூப்பிட்டான் என்று எத்தனையோ கூட்டங்களில் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ஃபொயர்பாக்கில் ஒரு கடைசல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் எட்டு மணி நேரம் அவர் ஒரு சாதாரண ஆள், நல்ல வேலைக்காரனும்கூட. அந்த எட்டு மணி நேரத்தை அவரால் மன்னிக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் எங்கேயாவது முதல் ஆளாக இருக்கவேண்டும். தமிழருக்குள் முதலில் பென்ஸ் வாங்கியது தான்தான் என்பார். அது மூன்றாம் கை வண்டி. கலியாணவீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பார். செத்தவீட்டிலும் வீடியோக்காரன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துத்தான் அழுவார்.

சியாமளா அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்குள் போய்ப் பன்னிரண்டு கிழவர் கிழவிகளைப் படுக்கையிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றவேண்டும். இல்லம் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் பஸ் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் கல்படிகளைப் பதினைந்து வருடமாக நடந்து ஏறிப் போகிறவர். அதை யாரும் ஒரு சங்கதியாக எடுத்ததில்லை. பிள்ளைகள் இல்லை. அதற்குக் காரணம் அக்காதான் என்று அண்ணை சபையில் சொல்லுவார். அக்கா தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

2006 பொங்கல் விழாவில்தான் எல்லாம் தொடங்கியது. அரவிந்த் என்று கோயம்புத்தூர்க்காரப் பொறியியலாளர் ஒருவர் பெர்லின் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்திருந்தார். கழகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. போர்த்தியது தலைவர்தான், தன் கையால். அடுத்த கிழமை நிர்வாகக் குழுவைக் கூட்டித் தான் கிளிமஞ்சாரோ ஏறப்போவதாக அறிவித்தார். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் அவருடைய ஜெர்மன் மேற்பார்வையாளர் அந்த மலையுச்சியில் நிற்கும் படம் ஒன்று தொங்கியதாம். அந்தக் கிழவன் ஏறியிருக்கிறான் என்றால் தனக்கு ஐந்து நாள் போதும் என்றார்.

"ஓடுறது குதிரையும் ஓடும். மலை ஏறுறது மனிசன்தான்" என்றார்.

ஆடும் ஏறும் என்று எனக்கு வாயில் வந்தது. அவருக்கு முன்னால் எனக்கு வாயில் வருகிற எதுவும் வெளியே வருவதில்லை.

அவர் ஆயத்தம் செய்த விதம் இது. கடையில் இருந்த மிக விலை கூடிய மலைச் சப்பாத்தை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனார். வழியில் கண்டவர்கள் எல்லாரும் காலைப் பார்த்துக் கேட்டார்கள், அவர் நின்று விளக்கம் சொன்னார். நடை என்று அவர் நடந்தது அவ்வளவுதான். பிறகு ஒரு பனர் அடிப்பித்தார். இரண்டு மீற்றர் நீளத் துணி. நடுவில் கழகத்தின் பெயர், வலது மூலையில் சின்னதாகச் சின்னம், இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை அவருடைய முகம். உச்சியில் அதைப் பிடித்துப் படம் எடுக்கவேண்டும். படம் எடுக்க ஆள் வேண்டும் என்பதால் அக்காவையும் வரச் சொன்னார். அக்காவுக்கு விருப்பமில்லை. வருட விடுமுறை முழுவதும் அதில் போய்விடும். ஆனாலும் வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்தியிடம் பழைய சப்பாத்துச் சோடி ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். கழகத்தின் ஆண்டு மலரில் கட்டுரை எழுதுவதற்காக அண்ணை என்னையும் கூட்டிப் போனார்.

செப்டெம்பரில் போனோம். நாங்கள் மூன்று பேர், ஏழு ஜெர்மன்காரர், ஆகப் பத்துப் பேர். மலைக்குப் போய் வர ஆறு நாள். தலைமை வழிகாட்டியின் பெயர் பீலிக்ஸ். நெடிய, நிதானமான மனிதர். உதவி வழிகாட்டிகளில் ஒருத்தி பெண், பேர்பெச்சுவா. நாற்பது வயது இருக்கும், ஐந்தடி உயரம். மலையடிவாரக் கிராமத்தில் பிறந்து, சுமை தூக்கத் தொடங்கி வழிகாட்டி ஆனவள். எங்கள் பைகளையும் சாப்பாட்டையும் அடுப்பையும் தலையில் சுமக்க இருபது ஆண்கள் வந்தார்கள். அவர்களை அண்ணை ஒரு சொல்லால் குறிப்பிட்டார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு இத்தாலிக்காரன் ஞாபகம் வந்தது. அவருக்கு வரவில்லை.

முதல் நாள் காட்டுக்குள் ஏறினோம். ஈரமும் பாசியும் உள்ள நல்ல பாதை. பீலிக்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "போலே, போலே." மெல்ல, மெல்ல என்று அவர்களுடைய பாஷையில் அர்த்தம். உயரத்தில் காற்று மெலிந்து போகும், உடம்பு பழகுவதற்கு நேரம் கொடுக்கவேண்டும், ஓடுகிறவன்தான் முதலில் விழுவான் என்று விளக்கினார். ஜெர்மன்காரர் கவனமாகக் கேட்டு, ஆமை போல நடந்தார்கள். அண்ணைக்கு இது அவமானமாக இருந்தது. இரண்டாம் நாள் காலை பீலிக்ஸையே முந்திக்கொண்டு போய்விட்டார். மூவாயிரத்து எழுநூறு மீற்றரில் இருக்கும் ஹொரொம்போ குடிலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வாசல் படியில் இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

அன்று மாலை, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எல்லோருக்கும் சரித்திரம் சொன்னார். ஒரு காலத்தில் இந்த மலை ஜெர்மனியின் மிக உயரமான மலை, முதலில் ஏறியது லைப்சிக்கில் இருந்து போன ஒருவர், அந்த நாளில் உச்சிக்குக் கெய்சரின் பெயர் என்றார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமை. சூப் கோப்பைகளை எடுக்க வந்த சுமைகாரர் ஒருவர் அவருக்குப் பின்னால் நின்று காத்திருந்தார். அண்ணை தன் பாட்டனார் ஏறியதைக் கேட்பவர் போலத் தலையை ஆட்டினார். இரண்டு பேரையும் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தக் குடிலிலேயே தங்கல். உடம்பு பழகுவதற்காகக் கொஞ்சத் தூரம் மேலே நடந்துவிட்டு இறங்கி வரவேண்டும். தனக்கு அது தேவையில்லை, அது கிழவர்களுக்கு என்று சொல்லி அண்ணை படுத்துவிட்டார். அக்காவையும் போகவேண்டாம், தன் காலுறைகளைத் தோய்த்துக் காயவிடும்படி சொன்னார். பேர்பெச்சுவா வாசலில் வந்து நின்று அக்காவைப் பார்த்துக் கையை அசைத்தாள். அக்கா காலுறைகளை வாளிக்குள் போட்டுவிட்டு அவளோடு நடந்தார். எனக்குத் தெரிந்து அவர் அண்ணையின் சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் அண்ணை தண்ணீரும் குடிக்கவில்லை. குளிருக்குள் எழுந்து கக்கூசுக்குப் போகவேண்டி வரும் என்பதுதான் காரணம்.

நான்காம் நாள் கிபோ குடில். நாலாயிரத்து எழுநூறு மீற்றர். கல்லும் தூசியும் தவிர ஒன்றும் இல்லாத இடம். அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்துதான் உச்சிக்குப் புறப்படுவார்கள். அண்ணை பின்னேரம் மூன்று மணிக்குக் கடைசி ஆளாக வந்தார். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வர வாசலிலேயே சத்தியெடுத்தார். பிறகு கட்டிலில் இருந்துகொண்டு ஜாக்கெட்டைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் சொல்வழி கேட்கவில்லை. என்னைப் பார்த்து யாரோ வேறு ஒருவரின் பெயரைச் சொன்னார். பீலிக்ஸ் வந்து அவரை எழுப்பி, தரையில் நேராக நாலடி நடக்கச் சொன்னார். இரண்டாம் அடியில் சுவரில் போய் மோதினார்.

உடனே இறக்கவேண்டும், ஒரு மணி நேரமும் தாமதிக்க ஏலாது என்று பீலிக்ஸ் சொன்னார். அண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில், தான் ஒரு கழகத்தின் பிரெசிடென்ட் என்றார்.

"பிரெசிடென்ட் என்றாலும் வண்டி ஒன்றுதான்" என்றார் பீலிக்ஸ். ஒரு சிரிப்பும் இல்லை.

வண்டி என்று அவர் சொன்னது, நடுவில் ஒற்றைச் சில்லு வைத்த இரும்புத் தூக்குப்படுக்கை. ஆளை அதில் வார் போட்டுக் கட்டி, முன்னும் பின்னுமாக நாலு பேர் பிடித்துக்கொண்டு கல்லுக்கு மேலால் உருட்டி ஓடுவார்கள். அண்ணையைக் கட்டினார்கள். அக்கா தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட இறங்க ஆயத்தமாக நின்றார். அப்போது படுக்கையிலிருந்து அண்ணை சொன்னார்.

"நீர் மேலை போம். பனர் உம்மட பையுக்கை கிடக்கு."

அக்கா பையை இறக்கி வைத்தார்.

துணைக்கு ஒருவர் இறங்கவேண்டும் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். எனக்குத் தலையிடி இருந்தது உண்மை. அது எல்லோருக்கும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்தச் சரிவை நான் பார்த்திருந்தேன். சுவர் போல நின்றது.

இறங்கும் வழியில் அண்ணை அழுதார். தான் செத்துப்போகப் போவதாகவும், உடம்பை ஆபிரிக்காவில் விடக்கூடாது என்றும், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த ஒரு மணி நேரம் எனக்கு அவர்மேல் உண்மையான இரக்கம் இருந்தது. குளிரில் நடுங்கியபோது சுமைகாரர் ஒருவர் தன் சொந்தப் போர்வையை எடுத்து மூடிவிட்டார். ஹொரொம்போவுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் அண்ணை எழுந்து இருந்து சூப் குடித்தார். உயரம் குறைந்தால் அந்த உடம்பு வருத்தம் அப்படித்தான், மாயமாகப் போய்விடும். இரண்டாம் கோப்பை குடிக்கும்போது போர்வை நாறுகிறது, அதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லு என்றார். என் இரக்கம் அத்தோடு முடிந்தது.

மேலே நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னார், நான் கேட்கக் கேட்க, கொஞ்சம் கொஞ்சமாக. பாதி இரவில் புறப்பட்டார்கள். பேர்பெச்சுவாவின் சப்பாத்துக் குதிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாராம். தூசி மண்ணில் இரண்டடி வைத்தால் ஒரு அடி பின்னால் சறுக்கும். மூச்சு எண்ணி நடக்க முடியாமல் போனபோது, தன் இல்லத்துப் பன்னிரண்டு பேரின் பெயர்களையும் அறை இலக்கப்படி ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டாம் அறை முடிந்தால் மறுபடி முதலாம் அறை. அந்தக் கோடையில் செத்துப்போன ஒரு கிழவியின் பெயரையும் விடவில்லை. எரிமலை வாயின் விளிம்புக்கு வந்தபோது விடிந்தது. சரித்திரம் சொன்ன ஆசிரியர் அங்கே குந்திவிட்டார். ஜெர்மன்காரரில் நாலு பேரும் அக்காவும் மட்டும் இன்னும் இரண்டு மணி நேரம் நடந்து உச்சிக்குப் போனார்கள். மூக்கால் இரத்தம் வந்ததாம். கீழே குந்த விட்டால் எழும்பமாட்டாய் என்று பேர்பெச்சுவா இருக்க விடவில்லை. உச்சியில் மரப்பலகையில் வாழ்த்து எழுதி நட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் நின்று, முகம் முழுவதும் மூடிய குளிர்த் தொப்பியும் கறுத்தக் கண்ணாடியுமாக, பனரை விரித்துப் பிடித்தார். பனரில் இருப்பது யார் என்று பேர்பெச்சுவா கேட்டாள். என் புருஷன் என்றார் அக்கா. சில்லில் போனவரா என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு முட்டியதால் தொப்பியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டுச் சிரித்தார். ஜெர்மன்காரர் ஒருவர் அதையும் அக்காவின் கமராவில் எடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் அவர் ஹொரொம்போவுக்கு இறங்கி வந்தார். உதடு வெடித்து, முகம் தோல் உரிந்து, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். அண்ணை வாசலில் நாற்காலி போட்டு இருந்தார்.

"பனர் பிடிச்சுப் படம் எடுத்தனீரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்ப் படுத்தார்.

கமராவின் சின்னத் திரையில் அண்ணை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். முகம் மூடிய ஒரு உருவம். கையில் செல்வரட்ணத்தின் முகம். அவருடைய மூளை எந்த நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியும். நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து நின்றார்.

ஆறாம் நாள் மலை வாசலில் சான்றிதழ் கொடுத்தார்கள். உச்சிக்குப் போனவர்களுக்கு மட்டும். தனக்கும் ஒன்று எழுதித் தரும்படி அண்ணை பீலிக்ஸைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டார். பீலிக்ஸ் மறுத்துவிட்டார். ஆனால் அதற்குத் தேவையே இருக்கவில்லை. வாசல் கந்தோரில் இருந்த எழுத்தர் கடவுச்சீட்டைப் பார்த்து அக்காவின் பெயரை எழுதியிருந்தார். ஜெர்மன் கடவுச்சீட்டில் அக்காவின் குடும்பப் பெயர் புருஷனின் பெயர்தான். சியாமளாவுக்குச் சி போட்டு, சி. செல்வரட்ணம். அண்ணையின் தகப்பனார் பெயர் சின்னையா. அவரும் சி. செல்வரட்ணம்.

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். அக்கா முன் இருக்கையில் நித்திரை.

"சோதி, நான் பாதிக்கு மேலை ஏறினனான்தானே. மிச்சம் அவ ஏறினவ. புருஷன் பெண்சாதிக்குள்ளை என்ன கணக்கு? சனத்துக்கு விளங்கப்போறது மலை எண்ட ஒரு சொல்தான். கழகத்தின்ரை மானத்தையும் யோசிக்க வேணும்."

ஓம் அண்ணை என்றேன்.

2007 பொங்கல் விழாவை ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் செய்தோம். பின்னேரம் மூன்று மணி, இருநூற்றைம்பது பேர். அண்ணை முக்கால் மணி நேரம் பேசினார். நான் மடிக்கணினிக்கு முன்னால் இருந்து, சுவரில் விழும் படங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். 'எங்கடை ஜெர்மனியின் ஒரு காலத்து மலை' என்று ஆசிரியர் சொன்னதையெல்லாம் தான் தேடிப் படித்ததுபோலச் சொன்னார். பிறகு கடைசி இரவுக்கு வந்தார். ஆண்டு மலருக்காக நான் அக்காவிடம் கேட்டு எழுதியதை அவர் வாசித்திருந்தார். இரண்டடி வைத்தால் ஒரு அடி சறுக்கும் என்றார். மூக்கால் இரத்தம் வந்தது என்றார். பன்னிரண்டு பெயர்களும் வந்தன. அவருடைய வாயில் அவை கழகத்தின் ஸ்தாபக உறுப்பினர்களின் பெயர்களாக மாறியிருந்தன. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் தங்கள் பெயரைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார்கள்.

அக்கா பின்சுவரோடு நின்று வடைத் தட்டங்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

பனர் படம் வந்தது. கைதட்டல் நிற்கவில்லை. அதற்கு அடுத்த படத்தை அழிக்கச் சொல்லி அண்ணை எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு அவரிடம் சொன்னேன், அது பொய். விசையை அழுத்தினேன். சியாமளா அக்கா தொப்பியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, அதே ஜாக்கெட்டோடு, அதே பலகைக்குப் பக்கத்தில், அதே பனரின் ஒரு முனையைப் பிடித்தபடி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சுவர் முழுவதும் நின்றார். மறு முனையைப் பேர்பெச்சுவா பிடித்திருந்தாள்.

கைதட்டல் நின்றது. முடிந்தது, இனி இவர் தப்ப ஏலாது என்று நினைத்தேன். கலாதேவி என்று தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், நல்ல கூர்மையான மனுஷி, எழுந்து நின்றார்.

"அக்காவும் மேலை வந்தவவோ? அப்ப இந்தப் படம் எடுத்தது ஆர்?"

அண்ணை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"நான்தான்" என்றார். "மனிசியும் பாவம், இவ்வளவு தூரம் வந்தவ. அவவுக்கும் ஒரு ஞாபகம் கிடக்கட்டும் எண்டு என்ரை ஜாக்கெட்டையும் குடுத்து எடுத்தனான்."

முன்னதைவிடப் பெரிய கைதட்டல். பெண்சாதியை உச்சி வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போன புருஷன் என்று பெண்கள் பக்கமிருந்துகூடச் சத்தம் வந்தது. கலாதேவி மெதுவாகத் தன் நாற்காலியில் இருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் இருநூற்றைம்பது பேருக்கு நடுவில் நின்று அதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன தேவை? போன வருடம் அரவிந்துக்குப் போர்த்தியதைவிட அகலமான பொன்னாடையாகப் பார்த்து வாங்கியிருந்தோம். வாங்கியது நான்.

விழா முடிந்து சாமான்களைக் காரில் ஏற்றும்போது அக்காவிடம், நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். பானையைப் பின் இருக்கையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பாவம் பாத்தனான் எண்டு நினைச்சிட்டியளோ? அந்தாளோடை கதைச்சு வெல்லுறதுக்கு எனக்கு எங்கை தம்பி நேரம்? நாளைக்கு எனக்குக் காலமை வேலை." பிறகு கேட்டார், "நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

நான் மிச்சத் தட்டங்களைக் காருக்குள் அடுக்கினேன். அக்கா அந்தச் சிரிக்கிற படத்தில் தனக்கு ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு அண்ணை கிளிமஞ்சாரோ செல்வரட்ணம் ஆனார். தமிழ்ப் பள்ளியில் விடாமுயற்சி பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசினார். ஒரு மாத இதழில் பேட்டி வந்தது. தொழிற்சாலையிலும் கதை பரவி, மலையேறிய அந்த மேற்பார்வையாளர் இவரைத் தேடி வந்து கைகொடுத்து, தங்கள் நடைக்குழுவோடு அல்கொய் மலைகளுக்கு வரும்படி கூப்பிட்டார். அதுதான் வினை. இறங்கும்போது முழங்கால் போய்விட்டது என்று அண்ணை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வேலைத்தலத்தில் நொண்டவேண்டி வந்தது. இரண்டு வருடம் நொண்டினார். சில நாள் இடது கால், சில நாள் வலது கால். மேற்பார்வையாளர் ஒவ்வொரு வசந்த காலத்திலும் மரியாதையாகச் சுகம் விசாரித்தார். அந்த மனிதனுக்கு விளங்காமல் இருந்திருக்காது.

அக்காவும் பேர்பெச்சுவாவும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேருக்கும் தெரிந்த அளவு ஆங்கிலத்தில். லைப்சிக்கில் உள்ள ஒரு திருச்சபைக்கும் அந்த மலையடிவாரக் கிராமங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 2008 கோடையில் அவளுடைய தேவாலயப் பாடகர் குழுவை அங்கே அழைத்தார்கள். அக்கா ரயிலில் லைப்சிக்குக்குப் போய், இரண்டு நாள் தங்குவதற்கு அவளை ஸ்டுட்கார்ட்டுக்குக் கூட்டி வந்தார். செய்தி தெரிந்தவுடன் அண்ணைக்குப் பாரிஸில் ஒரு செத்தவீடு வந்தது. பதினைந்து வருடமாக முகம் பார்க்காத ஒரு தூரத்து உறவினர். அதற்கு மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு போனார். கிளிமஞ்சாரோவை வென்ற மனிதர், ஐந்தடி உயரமான ஒரு பெண் தன் வீட்டு மணியை அடிக்கப் போகிறாள் என்றதும் நாட்டை விட்டே ஓடினார்.

என்னைச் சாப்பிட வரும்படி அக்கா கூப்பிட்டிருந்தார். புட்டும் நண்டுக் குழம்பும். வரவேற்பறைச் சுவரில் அண்ணை பெரிதாக்கி மாட்டியிருந்த பனர் படத்துக்கு முன்னால் பேர்பெச்சுவா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சட்டம் போட்ட சான்றிதழ். அக்கா எல்லாவற்றையும் விளக்கினார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சோபாவில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கள் ஊரிலும் இப்படியான ஆண்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு மண்டபம் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள் என்றாள்.

சாப்பிடும்போது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். குரலில் பகிடி இல்லை.

"நீங்கள் ஏன் அன்றைக்கு இறங்கினீர்கள்? உங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லையே."

அவருக்குத் துணையாக என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நண்டுக் காலை உடைத்தாள். அக்கா என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். அந்த வீட்டில் அண்ணையைப் பற்றிப் பேச இரண்டு பேருக்கும் அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை. இல்லத்துக் கிழவர்களைப் பற்றியும், பேர்பெச்சுவா தன் பெயரில் சின்னதாக ஒரு வழிகாட்டிக் கம்பனி தொடங்கப் போவதைப் பற்றியும், அடுத்த தடவை வேறு பாதையால் ஏறுவதைப் பற்றியும் பேசினார்கள். அடுத்த வருடம் அக்கா உண்மையாகவே போனார். தனியாக. அண்ணை ஊரில் எல்லோரிடமும், மனிசிக்கு ஆபிரிக்காவில் ஒரு பயிற்சி நெறி என்று சொன்னார்.

அதே வருட இலையுதிர் காலத்தில் கழகத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. தலைவர் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. செல்வரட்ணம் அண்ணையின் பெயரைப் பொருளாளர் முன்மொழிந்தார். வழிமொழிய யாராவது எழுந்து நிற்கவேண்டும். சபையில் ஒருவரும் எழவில்லை. அண்ணை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நான் எழுந்து வழிமொழிந்தேன்.